பேய் தேடிக் கூடலூர் வருகிறவர்களுக்கு: ஆபத்துகள், உரிமைகள், தீர்வுகள்

ஆவிகள் உலவும் இடங்கள் என்று பட்டியல் போட்டு, எப்படிப் போவது, எந்த நேரத்தில் போனால் ‘அனுபவம்’ கிடைக்கும் என்றெல்லாம் சொல்லும் பயணக் கையேடுகளுக்கு இன்று நல்ல வரவேற்பு இருக்கிறது. ராஜஸ்தானின் பாங்கர் கோட்டை, மேற்கு வங்கத்தின் டவ் ஹில், தமிழகத்தில் தனுஷ்கோடி, கொடைக்கானலின் டெவில்ஸ் கிச்சன் ஆகியவை இந்தப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. தில்லி அரசின் சுற்றுலாத் துறையே 2023இல் மால்ச்சா மஹாலுக்கு இப்படியொரு நடைப்பயணத்தைத் தொடங்கியது. நீலகிரியில், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

பேய்க் கதையைச் சொல்லவும் எழுதவும் விற்கவும் எவருக்கும் உரிமை உண்டு. கேட்டு ரசிப்பதிலும் குற்றமில்லை. ஆனால், ‘இந்த வழியாக, இருட்டிய பிறகு போங்கள்’ என்று கதை வழிகாட்டத் தொடங்கிவிட்டால், அங்கே உயிரும் சட்டமும் பிறருடைய மானமும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்துக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இருட்டில் காத்திருக்கும் ஆபத்துகள்

முதுமலை, வயநாடு, நிலம்பூர்க் காடுகளுக்கு நடுவே இருக்கிறது கூடலூர். காடும் தேயிலைத் தோட்டமும் குடியிருப்பும் ஒன்றுக்குள் ஒன்று கலந்த நிலம் இது. யானைகள் இருட்டிய பிறகு தோட்டத்துச் சாலைகளிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் ஓரத்திலும் நடமாடுகின்றன. நான்கு பேரின் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட டி23 புலி 2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் பிடிபட்டது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே பொழுது சாய்ந்தால் தனியாக நடக்க அஞ்சுகிறார்கள். அந்த நேரத்தில் ஆளில்லாத பங்களாவைத் தேடிப் போகச் சொல்லும் புத்தகம், படிப்பவரை யானைத் தடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இரண்டாவது ஆபத்து, கூடலூர் அருகேயுள்ள தேவாலாவின் பழைய தங்கச் சுரங்கங்கள். 1879 முதல் சில ஆண்டுகள் இந்தப் பகுதியில் தங்க வேட்டை வெறியாக மூண்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்பவர் 1880இல் அளித்த அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. கொட்டிய பணத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் கலைந்தன. குழிகளும் சுரங்கங்களும் மூடப்படாமல் கிடந்தன. வயிற்றுப்பாட்டுக்காக அவற்றில் இறங்கி மண் தோண்டிய தொழிலாளர்கள் மண் சரிந்து இறந்திருக்கிறார்கள்.

கைவிடப்பட்ட சுரங்கத்தில் காற்றோட்டம் இருக்காது. ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு தேங்கும். உள்ளே போகிறவருக்குத் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், மனம் குழம்பும். ‘ஏதோ என்னை அழுத்தியது’ என்று கையேடுகள் வர்ணிக்கும் உணர்வுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்; அது மயக்கத்துக்கு முந்தைய எச்சரிக்கை. தமிழகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. மழைக்காலத்தில் குழியின் வாயைப் புதர் மூடிவிடும். விளிம்பு மண் காலடியில் பெயரும். கொடைக்கானலின் டெவில்ஸ் கிச்சன் குழியில் 2006இல் விழுந்த கேரள இளைஞரை அவருடைய நண்பர் இறங்கிக் காப்பாற்றிய கதையைத் திரைப்படமாகப் பார்த்தோம். அங்கே விழுந்து திரும்பாதவர்கள் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். 112ஐ அழைத்து, தீயணைப்பு மீட்புப் படை வரும்வரை விளிம்பை விட்டு விலகி நில்லுங்கள்.

மூன்றாவது, கல்லட்டிச் சாலை. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இந்த இறக்கத்தில் விபத்து நடப்பதற்கு அமானுஷ்யக் காரணம் தேவையில்லை. செங்குத்தான சரிவில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தனர். உயிர் பிழைத்த இருவர் ஏறத்தாழ இரண்டு நாள் கழித்தே மீட்கப்பட்டனர். அதன் பிறகே வெளியூர் வாகனங்கள் அந்த வழியில் இறங்க மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முதுமலை போன்ற சரணாலயப் பகுதிக்குள் அனுமதியின்றிப் போனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். 2022இல் செய்த திருத்தத்துக்குப் பின், அந்தச் சட்டத்தின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘புத்தகத்தில் போட்டிருந்தது’ என்ற பதில் வனச்சரகரிடம் எடுபடாது.

ஆளில்லாத பங்களாவுக்கும் பூட்டிய லைன் வீட்டுக்கும் உரிமையாளர் உண்டு. அது தனியார் எஸ்டேட்டாக இருக்கலாம், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயாக இருக்கலாம், வனத்துறையாகவும் இருக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவு, குற்ற நோக்கோடு அத்துமீறி நுழைந்தால் மூன்று மாதம் வரையும், வீட்டுக்குள் அப்படி நுழைந்தால் ஓராண்டு வரையும் சிறைத் தண்டனைக்கு இடமளிக்கிறது. மனம் புண்படுத்தும் நோக்கோடு, அல்லது புண்படும் என்று தெரிந்தே, இடுகாட்டில் அத்துமீறினால் 301ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை.

வரும் வழிக்கும் விதிகள் உண்டு. நீலகிரிக்கு வரும் வெளி மாவட்ட வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கூடலூர்–மைசூரு சாலை, பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்படுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீ 23 உயிர்களைக் குடித்த பிறகு, மலையேற்றமும் முன் அனுமதிக்கும் விதிகளுக்கும் உட்பட்டதாகிவிட்டது.

கதைக்குள் அகப்பட்ட மனிதர்கள்

பேய்க் கையேடுகள் பெரும்பாலும் மறந்துவிடுவது அந்த இடத்தில் வாழ்கிறவர்களை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தது. அங்கே இன்றும் மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். அவர்களுடைய இழப்பைத்தான் ‘ஆவிகளின் ஊர்’ என்று விற்கிறார்கள். கூடலூரிலும் இதே கதைதான். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. பாழடைந்த லைன் ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. பல லைன்களுக்கு அடுத்த வரிசையில் இன்றும் அடுப்பு எரிகிறது. நள்ளிரவில் டார்ச்சும் கேமராவுமாக வந்து கூச்சலிடுகிறவர்கள், விடிந்தால் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள்.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற பழங்குடி மக்களின் முன்னோர் வழிபாட்டிடங்களையும் புதைநிலங்களையும் மர்ம இடங்கள் என்று எழுதுவது இன்னும் பெரிய தவறு. சூனியக்காரர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் குறும்பர்கள் கொல்லப்பட்டதை 19ஆம் நூற்றாண்டின் ஆவணங்களே பதிவு செய்திருக்கின்றன. நீலகிரியில் ‘மந்திரவாதி’ என்ற பட்டம் உயிரைப் பறித்த வரலாறு உண்டு. அந்தப் பழியை அச்சில் ஏற்றி மறுபடி விற்பதை எந்த எழுத்துரிமையாலும் நியாயப்படுத்த முடியாது.

இதற்குத் தீர்வு இருக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சூனியம் செய்வதாகக் குற்றம் சாட்டி அவர்களுக்கு உடல் துன்பமோ மன வேதனையோ ஏற்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. இந்தச் சட்டப்படியான வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். உதவிக்கு 14566 என்ற எண்ணை அழைக்கலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தங்கள் பண்பாட்டு மரபைக் காக்க முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத தகுதியுள்ளவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். அதற்கான எண் 15100.

பணம் கொடுத்து ஏமாந்தால்

‘அனுமதி பெற்ற இரவு நடை’ என்று நம்பிக் காசு கட்டியிருப்பீர்கள். வந்து பார்த்தால் அனுமதியே இருக்காது. அபராதம் உங்கள் தலையில் விழும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது தவறான விளம்பரமும் சேவைக் குறைபாடும் ஆகும். விளம்பரம், பணம் செலுத்திய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அபராதச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். முதலில் நடத்தியவரிடம் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். அதற்காக மறுபடி மலையேற வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நீங்களே வாதாடலாம்.

அலட்சியத்தால் உயிர் போனால், நடத்தியவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் வழக்குப் பதியலாம். தண்டனை ஐந்து ஆண்டு வரை. நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்து தாயத்து விற்றால், 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். மூடநம்பிக்கைச் சுரண்டலைத் தடுக்க மகாராஷ்டிரத்தில் 2013இலும் கர்நாடகத்தில் 2017இலும் தனிச் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும்.

கையேட்டை வாங்கும் முன்

நல்ல கையேடு நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். அந்த நிலம் யாருடையது? எந்த நேரம் வரை அனுமதி? அங்கே வாழ்கிறவர்கள் யார்? ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது? பாங்கர் கோட்டையில் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் நுழையக் கூடாது என்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகையைப் பேய்க்குச் சாட்சியாகக் காட்டும் புத்தகத்தை ஒதுக்கிவிடுங்கள். விதி என்று சொல்லும் புத்தகத்தை நம்பலாம்.

கூடலூருக்குத் தாராளமாக வாருங்கள். பகலில் ஊசிமலைக் காட்சிமுனையைப் பாருங்கள், நடுகாணி ஜீன்பூல் பூங்காவுக்குப் போங்கள். தங்க வேட்டையின் கதையையும் இலங்கையிலிருந்து வந்தவர்களின் கதையையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் திரும்புங்கள். எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஓர் இடத்துக்கு வழி சொல்லும் முன், அந்த வழியில் நீங்கள் உங்கள் பிள்ளையை இரவில் அனுப்புவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்ப மாட்டீர்கள் என்றால், அந்த வழியை அச்சிடாதீர்கள்.