தைவான் பாட்டில் ஒரு மோகனம்

மாண்டரின் சீனத்தில் 'மாய்' என்றால் வாங்குவது. விற்பதும் 'மாய்'தான். குரலை அடிவரை தாழ்த்திச் சொன்னால் வாங்குவது. உச்சியிலிருந்து வெட்டிப் போட்டதுபோல் இறக்கிச் சொன்னால் விற்பது. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் மண்டி வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால், அந்த ஊரில் எப்படி வியாபாரம் நடக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். பேச்சிலாவது பரவாயில்லை, பாட்டில் என்ன செய்வார்கள்? பாட்டு என்றாலே மெட்டுக்காகக் குரலை ஏற்றி இறக்குவதுதான். சொல்லுக்குரிய ஏற்ற இறக்கத்தை மெட்டு தின்றுவிட்டால், பாடகி வாங்குகிறாளா விற்கிறாளா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

விரிஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கக் காரணம் உண்டு. தோல் பதனிட்டுப் பிழைத்த எங்கள் வட்டாரத்தைச் சுற்றிலும் இப்போது தைவான் காலணி நிறுவனங்கள் வந்துகொண்டிருக்கின்றன. செய்யாறில் ஃபெங் டே குழுமத்தின் ஷூ தொழிற்சாலை பல ஆண்டுகளாக ஓடுகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ நிறுவனத்துக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. தோல் பேட்டைக்கு நடுவே வரும் அந்த ஆலையில் செய்யப்போவது தோல் இல்லாத ஷூ என்பது தனிக் கதை. என் கவலை வேறு. ஷூ வந்துவிட்டது, மேலாளர்கள் வந்துவிட்டார்கள், அவர்கள் ஊர்ப் பாட்டு மட்டும் இன்னும் வரவில்லை. கொரியப் பாட்டு பள்ளிப் பிள்ளைகளின் போன்வரை வந்துவிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆசியாவைக் கட்டி ஆண்ட தைவான் பாட்டின் பெயர்கூட இங்கே தெரியாது.

முதலில் அந்த 'மாய்' சிக்கல். ஹாங்காங்கின் கான்டனீஸ் மொழியில் பாடலாசிரியர்கள் பெரும்பாடு படுகிறார்கள்: மெட்டு ஏறும் இடத்தில் ஏறும் சொல்லைத்தான் போட வேண்டும், தவறினால் பொருள் கோணலாகிச் சிரிப்பு வந்துவிடும். மாண்டரின் பாட்டில் அவ்வளவு கெடுபிடி இல்லை. மெட்டு போகும் வழியில் சொல் போகும். கேட்பவர் முன்பின் சொற்களை வைத்துப் பொருளைத் தேற்றிக்கொள்வார். அவருக்குத் துணையாகத் தைவானில் தொலைக்காட்சிப் பாட்டிலும் கரோக்கே அறையிலும் திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். 2000இல் முதல் ஆல்பம் போட்ட ஜே சௌ என்ற பாடகர் சொற்களை வாய்க்குள்ளேயே மென்று பாடுவதில் பேர்போனவர். அவர் பாடுவது சொந்த ஊர்க்காரர்களுக்கே சரியாகப் பிடிபடாது என்று கேலி செய்வார்கள். வெளியூர் ரசிகருக்கு இதைவிட ஆறுதல் வேண்டுமா?

தைவான் வீடுகளில் மாண்டரினோடு பரவலாகப் பேசப்படும் ஹொக்கியன் மொழியின் கதை இதற்கு நேர்மாறு. அதில் ஏழு தொனிகள். போதாக்குறைக்கு, ஒரு தொடரில் கடைசி அசையைத் தவிர மற்ற அசைகள் எல்லாம் தம் தொனியை மாற்றிக்கொள்ளும். பழைய ஹொக்கியன் பாடல்களில் மெட்டு இந்தப் பேச்சின் மேடுபள்ளத்தை ஒட்டியே நடக்கும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோன்ற நெருக்கம் அவற்றில் இருப்பது அதனால்தான்.

சரி, சொல் புரியாதவருக்கு மிஞ்சுவது என்ன? 2018இல் ஹார்வர்டைச் சேர்ந்த சாமுவேல் மேரும் மன்வீர் சிங்கும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகின் 86 சிறு சமூகங்களில் பதிவான 118 பாடல்களை 14 விநாடித் துண்டுகளாக்கி, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேரைக் கேட்கச் செய்தார்கள். இது தாலாட்டு, இது ஆட்டப் பாட்டு என்று மொழி தெரியாமலே மக்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். கோட்டைவிட்டது காதல் பாட்டில். காதலைக் காதால் மட்டும் அடையாளம் காண முடியவில்லை. 1998இல் டோக்கியோவில் 'முத்து' படத்துக்கு வரிசையில் நின்ற ஜப்பானியர்கள் ரஹ்மானின் ஆட்டப் பாட்டில் சொக்கியதும் இந்தக் கணக்கில் பொருந்துகிறது. தைவான் பாட்டோ முக்கால்வாசி காதல், அதிலும் மெதுவாக நடக்கிற காதல். அப்படியானால் தமிழ்க் காது எந்த வாசல் வழியாக உள்ளே போகும்?

சுரத்தின் வழியாக. இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான 'குவான்ஸி' என்ற சீன நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. 81 பங்கு நீளமுள்ள தந்தியில் தொடங்கு. மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு: 108. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழி: 72. கூட்டு: 96. கழி: 64. அவ்வளவுதான், ஐந்து நீளங்கள், ஐந்து சுரங்கள். 81ஐச் சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். 72 சதுச்ருதி ரிஷபம். 64 அந்தர காந்தாரம். 108 கீழ்ப் பஞ்சமம், 96 கீழ்த் தைவதம். ச ரி க ப த: நம் மோகனம்!

நம் இசையின் வழியில் போனாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேருவோம். தந்தியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் சட்ஜத்திலிருந்து பஞ்சமம் பிறக்கும். அந்தப் பஞ்சமத்தைச் சட்ஜமாக்கி மறுபடி குறைத்தால் ரிஷபம், அதிலிருந்து தைவதம், அதிலிருந்து காந்தாரம். இன்னும் ஒரு படி போனால் நிஷாதம் வந்து மேல் சட்ஜத்தை அரைச்சுர இடைவெளியில் உரசத் தொடங்கும். அதற்கு முன்பே நின்றுவிட்டால், ஒன்றோடொன்று உரசாத ஐந்து சுரங்கள் கையில் நிற்கும். எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குத் தாவினாலும் காது கூசாது. சீனர் நம்மிடம் வாங்கவும் இல்லை, நாம் அவர்களுக்கு விற்கவும் இல்லை. தந்தியின் இயற்பியல் ஒன்று, அதனால் கணக்கும் ஒன்று.

இன்னும் ஒரு படி மேலே. சீன இசையில் இந்த ஐந்து சுரங்களில் எதை ஆதாரமாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஐந்து முறைகள் உண்டு: கோங், ஷாங், ஜுவே, ஜீ, யூ. நம் பண்டைத் தமிழிசை பண்ணுப்பெயர்த்தல் என்று சொன்ன வித்தையும் இதுவே; கச்சேரி மேடையில் கிரக பேதம் என்பார்கள். மோகனத்தின் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி. அவர்களுடைய ஐந்து முறைகளும் நம் ஐந்து ராகங்களின் சுர வரிசையோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன.

வித்துவான் யாராவது இந்நேரம் முகம் சுளித்திருப்பார். ராகம் என்பது வெறும் சுர வரிசையா, கமகம் எங்கே, பிடிப்பு எங்கே என்பார். நியாயம்தான். தைவான் பாட்டைக் கேட்டு மோகன ஆலாபனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி' பாட்டில் வளர்ந்த காதுக்கு அடுத்த சுரம் எங்கே விழும் என்று தானாகவே ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் நடந்த ஆய்வு, பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதைக் காட்டியது. உச்சம் வரும்போது மட்டுமில்லை, வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே சுரக்கிறது. மொழி தெரியாதவருக்கும் காத்திருக்கத் தெரியும், சுரப் பாதை பழகியதாக இருந்தால்.

அந்தப் பாதையில் முதலில் கேட்க வேண்டியது 1933இல் வந்த 'பாங் சுன்-ஹோங்'. தைவான் அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது. லீ லின்-ச்சியூ எழுதிய ஹொக்கியன் வரிகளுக்குத் தெங் யூ-ஷியேன் மெட்டுப் போட்டார். தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் ஆசை, ஐந்தே சுரங்களில். போர்க்காலத்தில் ஜப்பானிய அதிகாரம் அதே மெட்டுக்கு ஜப்பானிய வரிகளைப் பூட்டிப் படைப் பாட்டாக்கியது. 'பாங் சுன்-ஹோங்' வந்த அடுத்த ஆண்டு தெங் மெட்டுப் போட்ட 'மழையிரவு மலர்' பாட்டுக்கும் அதே கதி. 1944இல் தெங் இறந்தார், 38 வயதுகூட நிரம்பவில்லை. ஜப்பானியர் போனார்கள், சீனாவிலிருந்து வந்த கோமிந்தாங் அரசு 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம் போட்டு மாண்டரினைத் திணித்தது. ஹொக்கியன் பாட்டுக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த இடம் மிகக் குறைவு. 1938, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டங்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஹொக்கியன் பாடல்களில் பலவற்றில் ஜப்பானிய எங்கா பாணியின் அழுகை ஏறியிருக்கும். சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் அரைப்படி இறக்கிப் பாடிப் பாருங்கள், அந்தச் சோகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு தெரசா தெங். 1953இல் தைவானின் யுன்லின் பகுதியில் பிறந்தவர். மாண்டரின், ஹொக்கியன், கான்டனீஸ், ஜப்பானியம், இந்தோனேசியம், ஆங்கிலம் என்று பாடித் தள்ளியவர். 1995இல் தாய்லாந்தின் சியாங் மாயில், ஆஸ்துமாவால், 42 வயதில் இறந்தார். சீனக் கரைக்கு எதிரே தைவான் வைத்திருக்கும் கின்மென் தீவில் பெய்ஷான் என்ற இடத்தில் 1967இல் 48 ஒலிபெருக்கிகளைக் கான்கிரீட் சுவரில் பதித்து ஒரு பிரசாரக் கோபுரம் கட்டினார்கள். கடலைத் தாண்டி எதிரியின் காதில் விழ வேண்டும் என்பது திட்டம். அரசியல் பேச்சோடு தெரசாவின் பாட்டையும் போட்டார்கள். கார்த்திகைக் கடை ஞாயிறன்று எங்கள் மார்க்கபந்தீசுவரர் கோயில் பக்கம் ஒலிபெருக்கி கட்டினால் ஊர் தூங்காது. 48 ஒலிபெருக்கிகள் ஒரே திசையில் பார்த்துப் பாடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குரல் கத்தவே கத்தாது. மூச்சு கலந்து, காதோரம் சொல்வதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். 1977இல் அவர் பாடிப் புகழ்பெற்ற 'நிலவே என் மனத்தின் அடையாளம்' என்ற பொருள்பட வரும் பாட்டின் முதல் அடியிலேயே காகலி நிஷாதம் வந்து விழும். எல்லாம் மோகனம் என்று நான் நிறுத்திக்கொள்ள விடாத பாட்டு அது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

தைவான் என்றால் சீனர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. தீவின் ஆதிகுடிகளில் ஆமிஸ் மக்களைச் சேர்ந்த டிஃபாங் என்ற முதியவரின் குரலை உலகம் பெயர் தெரியாமலே கேட்டது. எனிக்மா என்ற ஜெர்மானிய இசைக்குழு 1990களில் உலகெங்கும் ஓடிய தன் பாட்டில் அதைச் செருகியிருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் அது ஒலித்தது. பாடியவரின் பெயர் எங்கும் இல்லை. வழக்குப் போட்டார்கள், 1999இல் சமரசம் ஆகி உரிய மரியாதையும் பணமும் கிடைத்தன. 2002இல் அவர் இறந்தார்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. போனில் பியானோ செயலி ஒன்றை இறக்கி, கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். மூன்றாகச் சேர்ந்து நிற்பவற்றில் முதலாவதைச் சட்ஜமாக வைத்தால் மோகனம். அடுத்தடுத்த கறுப்புக் கட்டைகளில் தொடங்கினால் மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று ஐந்தும் வரிசையாக வரும். பிறகு 'பாங் சுன்-ஹோங்' கேளுங்கள், அதன்பின் ஜே சௌ 2007இல் பாடிய நீலவெண் பீங்கான் பாட்டு. செய்யாறிலோ பனப்பாக்கத்திலோ வேலை செய்பவராக இருந்தால், தைவானிலிருந்து வந்திருக்கும் மேலாளரிடம் தெரசா தெங் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒரு மோகனத்தைப் பாடிக் காட்டுங்கள்.