உருளையில் ஓடும் கார், சாலையில் ஓடும் கார்: டர்போ எஞ்சினுக்கு எது சரியான சோதனை?

மாணவர்களே, வாகனப் பட்டறைகளின் விளம்பரங்களில் "உங்கள் டர்போ காரின் ஆற்றலைக் கூட்டித் தருகிறோம்" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். கூடவே மலைபோல ஏறி இறங்கும் ஒரு வரைபடமும் இருக்கும். உங்கள் அண்ணனோ மாமாவோ அதைக் காட்டி, "பார், எவ்வளவு குதிரைத்திறன் கூடியிருக்கிறது!" என்று சொல்லியிருக்கலாம்.

அந்த வரைபடம் எப்படி வந்தது? அதில் உள்ள எண் நாம் அன்றாடம் ஓட்டும் காருக்குப் பொருந்துமா? மலேசியாவில் 17 வயதில் கார் ஓட்டும் உரிமம் எடுக்கலாம். உங்களில் பலருக்கு அந்த வயது தூரத்தில் இல்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு இப்போதே விடை தெரிந்துகொள்வது நல்லது. தவறான விடை ஓர் எஞ்சினையும் கெடுக்கலாம், ஓர் உயிரையும் எடுக்கலாம்.

டர்போ என்ன செய்கிறது?

பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதனால் எரிபொருளை எரிக்க முடியும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சிறிய எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணித்தால், அது பெரிய எஞ்சின்போல உழைக்கும்.

அந்தத் திணிக்கும் வேலையைச் செய்வதுதான் டர்போ. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் புதிய காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும். நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் அது சுழலும். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் புக்கி 1905ஆம் ஆண்டிலேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் சாலைகளிலும் டர்போ கார்கள் சாதாரணமாகிவிட்டன. 2021இல் வெளிவந்த பெரோடுவா அத்திவாவில் இருப்பது 1.0 லிட்டர் டர்போ எஞ்சின்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் காரின் முன்புறம் இன்டர்கூலர் வைக்கப்படுகிறது.

டியூனிங் என்றால் எதை மாற்றுகிறார்கள்?

காரின் கட்டுப்பாட்டுக் கணினியை இ.சி.யு. என்பார்கள். அதற்குள் பல அட்டவணைகள் இருக்கின்றன. வாய்ப்பாட்டு அட்டவணையைக் கற்பனை செய்யுங்கள். மேல் வரிசையில் எஞ்சின் சுழலும் வேகம், பக்கவாட்டில் எஞ்சின் சுமக்கும் பளு. 16 வரிசையும் 16 நிரலும் இருந்தால் 256 கட்டங்கள். அந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை சொல்லும். எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று மற்றோர் அட்டவணை சொல்லும். டர்போவின் அழுத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் அட்டவணை உண்டு. டியூனிங் செய்பவர் மாற்றுவது இந்த எண்களைத்தான்.

தீப்பொறி விடும் நேரம் மிக நுட்பமானது. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில், தண்டு 1 பாகை திரும்ப எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் 18,000இல் ஒரு பங்கு மட்டுமே. பொறி தாமதமானால் ஆற்றல் வீணாகும். மிக முந்தினாலோ, எரியாமல் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிக்கும். இதைத்தான் 'நாக்கிங்' என்கிறோம். கடுமையான நாக்கிங் பிஸ்டனை உடைத்துவிடும்.

ரோன் 95, ரோன் 97 என்று பெட்ரோல் நிலையத்தில் பார்க்கிறோமே, அந்த எண்கள் நாக்கிங்கை எதிர்க்கும் திறனைத்தான் காட்டுகின்றன. ரோன் 97 ஊற்றி அதன் எல்லைவரை டியூன் செய்த காரில் பிறகு ரோன் 95 ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

டைனோ: அறைக்குள் ஒரு சாலை

டைனமோமீட்டர் என்பதைச் சுருக்கி 'டைனோ' என்கிறோம். எஞ்சினின் முறுக்குவிசையை அளக்கும் கருவி இது. 1821இல் பிரான்சின் காஸ்பார் டி புரோனி இதன் மூத்த வடிவம் ஒன்றை அமைத்தார். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடி திரும்பாமலிருக்க ஒரு நீண்ட கையின் முனையில் எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்தார். எடையையும் கையின் நீளத்தையும் பெருக்கினால் முறுக்குவிசை கிடைத்துவிடும்.

இன்றைய பட்டறையில் காரின் சக்கரங்கள் கனமான உருளைகள் மேல் நிற்கும். கார் நகராது, உருளை சுழலும். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், கனமான உருளையை எஞ்சின் எவ்வளவு வேகமாக முடுக்குகிறது என்பதைக் கொண்டு விசையைக் கணக்கிடுவார்கள். இரண்டாம் வகையில், உருளையோடு ஒரு தடுப்பான் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் அது காந்தப்புலத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டத்தால் வேலை செய்யும். எஞ்சின் 3,000 சுற்றிலேயே, பாதிப் பளுவிலேயே நிற்க வேண்டும் என்றால் அது அப்படியே பிடித்து வைக்கும். டியூன் செய்பவர் அட்டவணையின் ஒரு கட்டத்தில் நின்று, நிதானமாகச் சரிசெய்து, அடுத்த கட்டத்திற்குப் போகலாம்.

தொடக்கப் பள்ளி அறிவியலில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தோமே, அது இங்கே கைகொடுக்கிறது. தீப்பொறி நேரத்தை 1 பாகை மாற்றினால் விசை எவ்வளவு மாறுகிறது என்று அறிய வேண்டுமானால், மற்ற எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். டைனோ அறையில் மேடு பள்ளம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே வரும் மோட்டார் சைக்கிளும் இல்லை. நாக்கிங் கேட்டால் அந்த நொடியே நிறுத்திவிடலாம். யாருக்கும் ஆபத்து இல்லை.

டைனோவுக்குத் தெரியாதவை

அப்படியானால் டைனோவே போதுமே என்று தோன்றும். போதாது. அந்த அறைக்குள் வராத சில விஷயங்கள் உண்டு.

முதலாவது காற்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் முகப்பில் வினாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் காற்று மோதும். பட்டறையின் விசிறி அதே காற்றை முகப்பு முழுவதும் வீசுவது அரிது. எனவே டைனோவில் இன்டர்கூலர் சாலையில் இருப்பதைவிடச் சீக்கிரம் சூடாகலாம்.

இரண்டாவது நேரம். டைனோவில் முழு வேகச் சோதனை ஒன்று ஏறத்தாழ 10 வினாடியில் முடிந்துவிடும். மாலை 6 மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நகர்ந்தும் நின்றும் ஊர்ந்து, எஞ்சின் அறை முழுவதும் கொதித்துக் கிடக்கும் காரின் நிலை வேறு.

மூன்றாவது உயரம். கெந்திங் மலைக்கு ஏறும் ஒரு டர்போ காரை எடுத்துக்கொள்வோம். மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். எஞ்சினுக்குள் 1.7 வளிமண்டல அழுத்தம் வேண்டும் என்று அட்டவணை கேட்டால், கீழே டர்போ காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் போதும். உச்சியிலோ 1.7ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். 2.1 மடங்குக்கு மேல் அழுத்தியாக வேண்டும்.

இப்போது சூட்டைக் கணக்கிடுவோம். டர்போவின் செயல்திறன் 70 விழுக்காடு என்று கொள்வோம். கீழே 35 பாகை செல்சியசில் உள்ளே போகும் காற்று, டர்போவை விட்டு வெளிவரும்போது சுமார் 105 பாகையாகிவிடும். மலை உச்சியில் காற்று குளிர்ச்சிதான், 20 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டர்போவிலிருந்து வெளிவருவது சுமார் 120 பாகை! குளிர்ந்த இடத்தில் எஞ்சினுக்கு அதிகச் சூடு. நமக்குச் சட்டை மேல் சட்டை போடத் தோன்றும் இடத்தில் டர்போவுக்கு வியர்க்கிறது.

கார் தயாரிப்பாளர்கள் இதை அறிவார்கள். அதனால்தான் வெளிக்காற்றின் அழுத்தத்தை உணர்ந்து டர்போவைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பை இ.சி.யு.வில் வைத்திருக்கிறார்கள். டைனோவில் பெரிய எண் காட்ட வேண்டும் என்ற ஆசையில் யாராவது அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தினால், ஷா ஆலாம் பட்டறையில் எதுவும் தெரியாது. குடும்பத்தோடு மலையேறும் நாளில்தான் தெரியும்.

சாலைச் சோதனையின் பலமும் பலவீனமும்

சாலையில் டியூன் செய்யும்போது மடிக்கணினியை இ.சி.யு.வோடு இணைத்து, காற்று-எரிபொருள் விகிதம், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, நாக்கிங் உணரியின் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, மிதியை மெல்ல அழுத்தினால் கார் குலுங்குகிறதா, நெரிசலில் நின்று கிளம்பும்போது டர்போ எவ்வளவு தாமதமாக விழிக்கிறது என்பதெல்லாம் சாலையில் நன்றாகத் தெரியும். அன்றாடம் ஓட்டுபவர் உணர்வதும் இவற்றைத்தான்.

ஆனால் ஆற்றலை அளக்கச் சாலை நல்ல இடமல்ல. 1,300 கிலோகிராம் எடையுள்ள கார் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வேகம் கூடுகிறது என்றால் அதற்கு 2,600 நியூட்டன் விசை வேண்டும். சாலையில் கண்ணுக்கே தெரியாத 1 விழுக்காடு ஏற்றம் இருந்தால், அது மட்டும் சுமார் 128 நியூட்டனைத் தின்றுவிடும். அதாவது 5 விழுக்காடு பிழை. போகும்போது 95 காட்டும் கார், திரும்பி வரும்போது 105 காட்டும். இரண்டும் ஒரே கார்தான்!

இதைவிடப் பெரிய பிரச்சினை பாதுகாப்பு. மூன்றாம் கியரில் எஞ்சினை 6,000 சுற்றுவரை கொண்டுபோனால், பல கார்கள் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதுதான் நம் நெடுஞ்சாலைகளின் உச்ச வரம்பு. அந்த வேகத்தில் மடிக்கணினித் திரையை ஒரே ஒரு வினாடி பார்த்தால், கார் 30 மீட்டர் கண்மூடி ஓடியிருக்கும். பொதுச் சாலையில் அனுமதியின்றி வேகச் சோதனை நடத்துவதை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் தடை செய்கிறது. முழு வேகச் சோதனைக்கு உரிய இடம் டைனோவும் பந்தயத் தடமும் மட்டுமே.

அன்றாடக் காருக்கு எந்த எண் முக்கியம்?

அத்திவாவின் விவரங்களையே பாருங்கள். அதிகபட்ச முறுக்குவிசை 140 நியூட்டன் மீட்டர், 2,400 முதல் 4,000 சுற்றுவரை. அதிகபட்ச ஆற்றல் 98 குதிரைத்திறன், 6,000 சுற்றில். ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் கார் 6,000 சுற்றைத் தொடுவது எத்தனை முறை? பெரும்பாலான நேரம் அது 1,500 முதல் 3,000 சுற்றுக்குள், மிதியைப் பாதிகூட அழுத்தாமல்தான் ஓடுகிறது.

அந்த நிலையில் எரிபொருள் கலவை 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அப்போதுதான் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி நச்சு வாயுக்களைச் சரியாகச் சுத்திகரிக்கும். டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது மட்டும் 12க்கு 1 என்ற அளவில் பெட்ரோல் கூடுதலாகத் தெளித்து எஞ்சினைக் குளிர்விப்பார்கள். விளம்பர வரைபடம் காட்டுவது இந்த இரண்டாவது நிலையை மட்டுமே. நீங்கள் வாழ்வது முதல் நிலையில்.

ஆகவே 'டைனோவா, சாலையா' என்று கேட்பதைவிட 'எது முதலில், எது பிறகு' என்று கேட்பதே பொருத்தம். ஆய்வுக்கூடத்தில் மருந்தைச் சோதித்த பிறகுதான் மனிதரிடம் சோதிக்கிறார்கள். அதுபோல, ஆபத்தான முழுப்பளுச் சோதனைகளை எல்லாம் டைனோவில் முடிக்க வேண்டும். அதன்பின் வேக வரம்புக்கு உட்பட்டு, நெரிசலிலும் மழையிலும் மலையிலும் சாதாரணமாக ஓட்டி, பதிவான தரவுகளைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

வீட்டில் யாராவது காரை டியூன் செய்ய நினைத்தால், இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்:

• எந்த ரோன் பெட்ரோலுக்கு டியூன் செய்கிறீர்கள்?
• டைனோ எண் சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினுக்கு மாற்றிக் கணக்கிட்டதா?
• முன்பும் பின்பும் ஒரே டைனோவில், ஒரே வெப்பநிலைத் திருத்தத்தோடு அளந்தீர்களா?
• உயரத்திற்கும் சூட்டிற்கும் உள்ள பாதுகாப்பு அப்படியே இருக்கிறதா?
• காரின் உத்தரவாதமும் காப்புறுதியும் பாதிக்கப்படுமா?

சிங்கப்பூர் வாசகர்கள், எந்த மாற்றத்திற்கு முன்அனுமதி வேண்டும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டறிவதும் அவசியம். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் தராத பட்டறையின் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆற்றலைக் கிலோவாட்டில் காண, முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 9,549ஆல் வகுக்க வேண்டும். 140 நியூட்டன் மீட்டர் 2,400 சுற்றில் 35 கிலோவாட். அதே விசை 4,000 சுற்றில் 59 கிலோவாட். 98 குதிரைத்திறன் என்பது 72 கிலோவாட். அப்படியானால் 6,000 சுற்றில் முறுக்குவிசை எவ்வளவு? கணக்கிட்டு, மூன்று புள்ளிகளையும் வரைபடத் தாளில் குறியுங்கள். விசை 115 நியூட்டன் மீட்டருக்கு இறங்கிய பிறகும் ஆற்றல் ஏன் உச்சத்தில் இருக்கிறது என்று உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள். அடுத்த முறை யாராவது டைனோ வரைபடத்தை நீட்டினால், அதன் உச்சியை மட்டும் பார்க்காமல் நடுப்பகுதியையும் படிக்க உங்களுக்குத் தெரிந்திருக்கும்.