கை மணம் – 9: சோப்பின் மேல் யார் பெயர்?

லூயிஷாம் சிவன் கோயில் இருக்கிற கிளாரண்டன் ரைஸிலிருந்து லீ ஹை ரோடு நடை தூரம்தான். தமிழ்க் கடைகளில் மைசூர் சாண்டலும் வேப்பஞ்சோப்பும் வாங்கிக்கொள்ளலாம். தென்கிழக்கு லண்டனின் வார இறுதிக் கைவினைச் சந்தைகளில் கிடைப்பது வேறு சரக்கு. பழுப்புக் காகிதம் சுற்றிய, தந்த நிறமுள்ள, வாசனை சேர்க்காத ஆலிவ் எண்ணெய்க் கட்டி. காய்ச்சி, அறுத்து, விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பட்டறை, வீட்டு அடுப்படி. நம்மவர்கள் கையில் எடுத்து முகர்ந்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி: "இது நுரைக்குமா அக்கா?"

அவ்வளவாக நுரைக்காது. குமிழ் குமிழாகப் பொங்கும் நுரை தேங்காயெண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலத்தின் வேலை. ஆலிவில் மிகுந்திருப்பது ஒலேயிக் அமிலம். அது தருவது வழவழப்பான, அடங்கிய நுரை. போதாததற்கு லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். சோப்பு அதனோடு சேர்ந்து தொட்டியோரத்தில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே பலர் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலக்கிறார்கள். கலப்பே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. என் ஓட்டு கலப்புக்கு; தேங்காயெண்ணெயில் வளர்ந்த தலை வேறெப்படிப் பேசும்?

கலப்பதென்றால் கணக்கு மாறும். ஒரு கிலோ ஆலிவ் எண்ணெய் முழுதாகச் சோப்பாக ஏறத்தாழ 134 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு தேங்காயெண்ணெய்க்கு 183 கிராம். அனுபவசாலிகள் ஐந்து சதவீதம் குறைத்தே போடுவார்கள். மிஞ்சும் எண்ணெய் தோலைக் காயவிடாது. சோடா கூடிவிட்டால் கட்டி தோலை அரித்துவிடும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆறிய காரநீரை எண்ணெயில் விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க, கலவை மெல்ல இறுகும். கரண்டியைத் தூக்கி விட்டால் விழுகிற தாரை உள்ளே அமிழாமல் மேலேயே கோலம்போல நிற்க வேண்டும், அதுதான் பதம். அச்சில் ஊற்றி, ஓரிரு நாளில் அறுத்து, காற்றில் உலர்த்த வேண்டும். கலப்புக் கட்டிக்கு நாலிலிருந்து ஆறு வாரம் போதும். சுத்த ஆலிவுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். சின்ன ஃபிளாட்டில் அத்தனை நாள் கட்டிகளை எங்கே வைப்பது? கட்டிலுக்கடியில், அலமாரிக்கு மேலே என்று இடம் தேட வேண்டியதுதான்.

இந்தச் சோப்பின் புகழ்பெற்ற தாய்வீடுகளில் ஒன்று பாலஸ்தீனத்தின் நாப்ளுஸ். ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம், அவ்வளவே. முன்பு காரம் வந்தது செடிச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து. ஆலைகளில் பெரிய கொப்பரையில் காய்ச்சி, தரையிலேயே பரப்பி, கோடு கிழித்து அறுத்து, கூம்புக் கோபுரங்களாக அடுக்கி உலர்த்துவார்கள். ஒவ்வொரு கட்டியிலும் முத்திரை விழும்: தூகான், நாபுல்ஸி, ஷகா என்று முதலாளிக் குடும்பங்களின் பெயர்கள். ஆலைப் படங்களைப் பாருங்கள், எல்லாம் ஆண்கள். ஆனால் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இக்கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது வீட்டில் நடக்கும் வேலையையும் கணக்கில் எடுத்தது. பெண்களும் ஆண்களும் சமமாக ஈடுபடுகிறார்கள் என்று எழுதியது. அலெப்போவின் லாரல் சோப்பும் அதே கூட்டத்தில் பட்டியலில் ஏறியது.

கலிலேயாவில் 1996 முதல் அரபு, யூதப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சிந்தியானா என்ற அமைப்பு எண்ணெயும் சோப்பும் விற்கிறது. பாலஸ்தீன விவசாயிகளின் சரக்கை பிரிட்டனுக்குக் கொண்டுவர 2004இல் தொடங்கிய ஸைத்தூன் நிறுவனத்தை உருவாக்கியவர்களும் இரண்டு பெண்கள்தான்.

லண்டனுக்கோ ஆலிவ் சோப்பில் ஒரு பழைய கசப்பு உண்டு. முதலாம் சார்லஸ் காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் சோப்பு நிறுவனம் ஏகபோக உரிமை வாங்கியது. மீன் எண்ணெய் கூடாது, தாவர எண்ணெய்தான் என்று விதி. நிறுவனத்தின் பின்னால் கத்தோலிக்கர்கள் இருந்ததால் ஊரார் 'போப்பாண்டவர் சோப்' என்று கேலி செய்தார்கள். கை கொப்புளிக்கிறது என்று சலவைப் பெண்கள் புலம்பினார்கள். 1633இல் கில்டுஹாலில் மேயர் முன்னிலையில் துணி துவைத்துக் காட்டச் சொன்னார்கள். துவைத்தவர்கள் சலவைப் பெண்கள். சோப்பு நல்லதுதான் என்ற நற்சான்றில் கையெழுத்துப் போட்டவர்களில் சீமாட்டிகள் இருந்தார்கள். துவைத்தவர்களை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை.

இன்றைய பிரிட்டிஷ் சட்டம் நேர் எதிர்: பெயர் சொல்லாமல் விற்க விடாது. ஒரே ஒரு கட்டி விற்பதானாலும் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் பாதுகாப்பு அறிக்கை வேண்டும். அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கோப்பைப் பத்து வருடம் காக்க வேண்டும். புது எண்ணெய், புது வாசனை என்றால் மறுபடி மதிப்பீடு, மறுபடி கட்டணம். கைத்தொழிலை நெரிக்கும் விதி என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். 183 கிராம் கணக்கைத் தவறவிட்டவர் விற்கும் கட்டியை யார் தேய்ப்பது? அதே சட்டம் லேபிளில் பொறுப்பாளரின் பெயரையும் கட்டாயமாக்குகிறது. அடுப்படியில் சொந்தமாகச் செய்து விற்பவளுக்கு, அது அவள் பெயரோ அவள் தொழிலின் பெயரோதான்.

கூடவே முகவரியும் அச்சாக வேண்டும். வீட்டு எண்ணை ஊருக்கெல்லாம் காட்டத் தயங்குகிறவர்கள், மாதச் சந்தா கட்டி வேறொரு முகவரியை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் செலவும் கட்டியின் விலையில் ஏறுகிறது.

(தொடரும்)