சிறுதீவு மருத்துவமனையும் பொதுமக்கள் நம்பிக்கையும்: சமோவா உணர்த்தும் பொறுப்புடைமை

முன்னுரை

நகரங்களில் வாழும் நாம் ஒரு மருத்துவமனையின் சேவையில் மனநிறைவு கொள்ளாதபோது வேறொரு மருத்துவமனையை நாடுகிறோம். சிறுதீவு ஒன்றில் வாழ்வோருக்கு இவ்வாய்ப்புப் பெரும்பாலும் கிட்டுவதில்லை. அங்கு இருப்பது ஒரு மருத்துவமனை; அதனை விட்டால் கடலைக் கடக்க வேண்டும். எனவே, அம்மருத்துவமனையின் மீது மக்கள் நம்பிக்கை இழப்பார்களாயின் அவர்கள் வேறு மருத்துவமனைக்குச் செல்வதில்லை; மருத்துவத்தையே தவிர்த்து விடுகிறார்கள். சிறுதீவுச் சமூகங்களில் பொதுமக்கள் நம்பிக்கை தனிக் கவனத்திற்குரியதாவது இதனாலேயே ஆகும்.

பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள சமோவா நாட்டில் 2018ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு குழந்தைகளின் இறப்பையும், 2019ஆம் ஆண்டில் அங்குப் பரவிய தட்டம்மைக் கொள்ளைநோயையும் சான்றாகக் கொண்டு, பொறுப்புடைமைக்கும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தவறிழைத்தவரைத் தண்டிப்பதோடு பொறுப்புடைமை நிறைவடைவதில்லை. நடந்ததை உரிய காலத்தில் மக்களுக்கு எடுத்துரைப்பதும் அதன் இன்றியமையாக் கூறாகும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

பொறுப்பும் பொறுப்புடைமையும்

தமிழில் ‘பொறுப்பு’ என்னும் சொல், ‘பொறு’ என்னும் வேரிலிருந்து தோன்றியது. சுமத்தல், தாங்கிக்கொள்ளுதல், மன்னித்தல் ஆகிய பொருள்களை அவ்வேர் தருகிறது. ஒரு கடமையை ஏற்றுக்கொள்வது பொறுப்பு. அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றினோம் என்பதற்குப் பிறரிடம் விடையளிக்கக் கடமைப்பட்டிருப்பது பொறுப்புடைமை. முன்னது ஒருவர் தம்மளவில் உணர்வது. பின்னது கேட்பவர் ஒருவர் இருந்தாலன்றி நிகழாதது. மருத்துவமனையைப் பொறுத்தவரையில் அவ்வாறு கேட்பவர் அரசு, நீதிமன்றம் ஆகியவற்றோடு நின்றுவிடுவதில்லை. குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு வரும் தாயும் அவருள் ஒருவரே. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு சமோவா நிகழ்வை நோக்குவோம்.

தீவின் சூழல்

சமோவாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சமாகும். உப்போலு, சவாயி என்பன அதன் இரு பெருந்தீவுகள். தலைநகர் ஆப்பியாவும் நாட்டின் முதன்மை மருத்துவமனையும் உப்போலுவில் உள்ளன. சவாயி பரப்பளவில் பெரியதாயினும் மக்கள் நாற்பதாயிரத்துச் சொச்சமே வாழும் தீவாகும். இரு தீவுகளையும் பயணிகள் கப்பல் இணைக்கிறது. சவாயியின் வடகரையிலுள்ள சஃபோட்டு என்னும் ஊரில் ஒரு வட்டார மருத்துவமனை அமைந்துள்ளது.

இத்தகைய ஊர்களில் தாதியும் நோயாளியும் ஒரே தேவாலயத்தில் வழிபடுபவராகவோ, ஒரே குடும்பக் கிளையைச் சேர்ந்தவராகவோ இருத்தல் இயல்பு. நம்பிக்கை இங்கு நிறுவனத்தின் பெயரால் உருவாவதில்லை. அறிந்த முகங்களின் வழியாகவே உருவாகிறது. ஆகவே, ஒரு தவறு நேரும்போது அது பற்றிய செய்தியும் அதே வழியில் விரைந்து பரவுகிறது. அதிகாரத்தரப்பு விளக்கம் தாழ்த்து வருமாயின், அதற்குள் வதந்தி அவ்விடத்தை நிரப்பி விடுகிறது.

2018ஆம் ஆண்டு நிகழ்வு

2018 சூலை 6ஆம் நாள் சஃபோட்டு மருத்துவமனையில் ஏறத்தாழ ஓராண்டு அகவையுடைய இரு குழந்தைகளுக்கு எம்.எம்.ஆர். தடுப்பூசி போடப்பட்டது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களைத் தடுக்கும் ஊசி இது. ஊசி போட்ட சிறிது நேரத்தில் இரு குழந்தைகளும் அடுத்தடுத்து உயிரிழந்தன.

எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்து உலர்ந்த தூளாகப் புட்டியில் வருகிறது. அதனுடன் வழங்கப்படும் தூய நீரில் அதனைக் கரைத்த பின்னரே ஊசியாகச் செலுத்த வேண்டும். சஃபோட்டுவில் அந்நீருக்கு மாறாக, காலாவதியான தசைத் தளர்த்தி மருந்து ஒன்று கலக்கப்பட்டிருந்தது. அட்ராகியூரியம் எனப்படும் அம்மருந்து, அறுவை மருத்துவத்தின்போது மயக்க மருந்துகளுடன் பயன்படுத்தப்படுவது. மூச்சுத் தசைகளையும் அது செயலிழக்கச் செய்யுமாதலால், செயற்கைச் சுவாசம் இன்றி அதனைச் செலுத்துதல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். தடுப்பூசி மருந்தில் குறையில்லை. அதனைக் கரைத்த முறையிலேயே பிழை நேர்ந்தது.

ஆனால், இவ்வுண்மை மக்களைச் சென்றடையக் காலம் பிடித்தது. இறப்புகள் நேர்ந்தவுடன் அரசு எம்.எம்.ஆர். தடுப்பூசித் திட்டத்தை நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது. காரணம் தெரியும் வரையில் நிறுத்துதல் முறையான நடவடிக்கையே. எனினும், அந்நிறுத்தம் ஏறத்தாழ 10 மாதங்கள் நீடித்தது. நடந்தது என்ன என்பது நீதிமன்றத்தில் விரிவாக வெளிப்பட்டபோது ஓராண்டு கடந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் பெற்றோர் அறிந்தவை இரண்டே: ஊசி போட்ட குழந்தைகள் இறந்தன, அரசே அந்த ஊசியை நிறுத்திவிட்டது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் எந்தப் பெற்றோரும் ஊசியே நஞ்சு என்னும் முடிவுக்கு வருதல் வியப்பன்று.

தண்டனையும் அதன் எல்லையும்

தொடர்புடைய தாதியர் இருவரும் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2019 ஆகத்து மாதம் இருவருக்கும் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சட்டத்தின் நோக்கில் வழக்கு முடிவுற்றது. பொறுப்புடைமையின் நோக்கில் வேறு சில வினாக்களும் எழுகின்றன. காலாவதியான மருந்து ஏன் அகற்றப்படாமல் இருந்தது? தடுப்பூசி தயாரிக்கும் இடத்தில் அது கைக்கெட்டும் நிலையில் இருந்தது எவ்வாறு? முதற் குழந்தை இறந்த பின்னர் இரண்டாம் குழந்தைக்கு ஊசி போடுவதைத் தடுக்கும் நடைமுறை ஏன் இல்லை?

இப்பிழை உலகிற்குப் புதியதன்று. 2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசியை இதே அட்ராகியூரியத்தில் தவறுதலாகக் கரைத்தமையால் 15 குழந்தைகள் இறந்தன. தடுப்பூசிகளை வைக்கும் குளிர்பெட்டியில் பிற மருந்துகளை வைக்கலாகாது என்பதும், கரைப்பு நீரைத் தடுப்பூசியுடன் இணைத்தே வழங்க வேண்டும் என்பதும் மருத்துவ உலகம் முன்பே அறிந்த விதிகளாகும். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மனிதர்கள் ஒரே பிழையைச் செய்வார்களாயின், அதன் வேர் மனிதர்களிடத்தில் மட்டும் இல்லை. மருந்துகளை வைக்கும், வழங்கும், சரிபார்க்கும் முறையிலும் உள்ளது எனலாம்.

மருத்துவத்தின் உறுப்புகளை வகுக்கும் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு மருந்தை உடனிருந்து அளிப்பவரையும் சேர்த்து நான்காக எண்ணுகிறது. நான்கும் ஒருங்கே இயங்குவதே மருத்துவம் என்னும் இப்பார்வை ஈண்டு நினைக்கத்தக்கது. நான்காம் உறுப்பாகிய தாதியிடம் மட்டும் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டால், ஏனைய உறுப்புகளின் குறை திருத்தப்படாமலேயே போகும்.

நம்பிக்கைச் சரிவும் கொள்ளைநோயும்

சமோவாவில் தட்டம்மைத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விழுக்காடு 2018க்கு முன்னரே குறையத் தொடங்கியிருந்தது. ஆகவே, இரு குழந்தைகளின் இறப்பை மட்டுமே சரிவிற்குக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. எனினும், 2018இல் அவ்விழுக்காடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வீழ்ந்தது. திட்டம் மீண்டும் தொடங்கப்பட்ட பின்னரும் பெற்றோர் பலர் திரும்பி வரவில்லை. தடுப்பூசிக்கு எதிரான பரப்புரையும் அவர்களின் அச்சத்தில் வேர்கொண்டது.

2019 அக்டோபரில் தட்டம்மைப் பரவல் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அவசரநிலை நடைமுறைக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களில் அரசுப் பணிகள் நிறுத்தப்பட்டு, தடுப்பூசிக் குழுக்கள் வீடு வீடாகச் சென்றன. ஊசி போடாதோர் உள்ள வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டி வைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். டிசம்பர் இறுதிக்குள் தடுப்பூசி விழுக்காடு 95ஐ எட்டியது. ஆயினும், 5,700க்கு மேற்பட்டோர் நோயுற்று, 83 பேர் மாண்டிருந்தனர். அவர்களுள் பெரும்பான்மையினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அண்டை நாடுகளான தொங்கா, பீசி ஆகியவற்றிலும் அதே காலத்தில் தட்டம்மை நுழைந்தது. அங்குத் தடுப்பூசி விழுக்காடு உயர்ந்திருந்தமையால் உயிரிழப்பு நேரவில்லை.

1918ஆம் ஆண்டின் நினைவு

அதிகாரத்தின் பிழையால் சமோவா நோய்க்கு இரையானது அதுவே முதன்முறையன்று. 1918 நவம்பர் 7ஆம் நாள் ‘தலூன்’ என்னும் கப்பல் நியூசிலாந்திலிருந்து ஆப்பியாவுக்கு வந்தது. அப்போது மேற்குச் சமோவா நியூசிலாந்தின் படையாட்சியின் கீழ் இருந்தது. கப்பலில் இன்புளுவென்சா நோயாளிகள் இருந்தும் பயணிகள் தனிமைப்படுத்தப்படாமல் தரையிறங்கினர். சில வாரங்களில் மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மேல், அஃதாவது ஏறத்தாழ 8,500 பேர், மாண்டனர். அருகிலிருந்த அமெரிக்கச் சமோவாவோ கடுமையான தடைக்காப்பின் வழி ஓர் உயிரையும் இழக்கவில்லை.

1919இல் விசாரணை ஆணையம் ஒன்று ஆட்சித்தரப்பின் குறைகளைப் பதிவு செய்தது. ஆனால், அம்மக்களிடம் நேரடியாக மன்னிப்புக் கோரப்பட்டது 2002 சூன் மாதத்தில்தான். நியூசிலாந்துப் பிரதமர் எலன் கிளார்க் ஆப்பியாவுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். இடைப்பட்ட 84 ஆண்டுகளில் அவ்விழப்பு மறக்கப்படவில்லை; நியூசிலாந்து ஆட்சிக்கு எதிராக எழுந்த மாவ் இயக்கத்திற்கு அதுவும் ஒரு தூண்டுதலாயிற்று. விசாரணை நடந்தது என்பது வேறு, பாதிக்கப்பட்டோர் விடை பெற்றனர் என்பது வேறு என்பதை இவ்வரலாறு தெளிவுபடுத்துகிறது.

இஃபோகா: சமூகத்தின் வழி

சமோவா மரபில் ‘இஃபோகா’ எனப்படும் வழக்கம் ஒன்றுண்டு. ஒருவர் பெருந்தீங்கு இழைத்துவிட்டால், அவருடைய குடும்பத் தலைவரும் உறவினரும் விடியற்காலையில் பாதிக்கப்பட்டோரின் வீட்டின் முன் சென்று, நுண்ணிய பாய்களால் தங்களைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருப்பர். அவர்களை ஏற்பதும் மறுப்பதும் பாதிக்கப்பட்டோரின் உரிமை. ஏற்பார்களாயின் பாயை விலக்கி அவர்களை உள்ளே அழைப்பர். நீதிமன்றங்களும் தண்டனை விதிக்கும்போது இஃபோகாவைக் கருத்திற் கொள்வதுண்டு.

இவ்வழக்கத்தில் மூன்று கூறுகள் நம் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. முதலாவது, தீங்கிழைத்தவர் தரப்பு தானே முன்வருகிறது, அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டாவது, சுமையைத் தனியொருவர் ஏற்பதில்லை. தலைமையே முன்னின்று ஏற்கிறது. மூன்றாவது, யாவும் ஊரறிய நிகழ்கிறது. இம்மூன்றும் இன்றைய மருத்துவ நிருவாகம் பேசும் வெளிப்படைத்தன்மையின் கூறுகளே. பொறுப்புடைமை என்பது வெளியிலிருந்து தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டிய கருத்தன்று. அது அங்கே வேரூன்றியுள்ளது. நிறுவனங்களே அதனைக் கைக்கொள்ள வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் பெறலாம். மருத்துவத் தவறு நேர்ந்தவுடன், அறிந்த அளவை அன்றே மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். அறியாததை அறியவில்லை என்றும் கூறுதல் வேண்டும். ஒரு திட்டத்தை நிறுத்தும்போது, எதற்காக நிறுத்தப்படுகிறது, எது தெரிந்தால் மீண்டும் தொடங்கும் என்பதையும் உடன் அறிவித்தல் வேண்டும். தனியாளின் குற்றத்தை நீதிமன்றம் ஆராயும் அதே வேளையில், நிருவாக முறையின் குறைகளைத் தனியானதொரு விசாரணை ஆராய்ந்து அதன் முடிவை மக்கள் மொழியில் வெளியிடுதல் வேண்டும். அனைவரும் அனைவரையும் அறிந்த தீவில், அவ்விசாரணையை வெளியாரும் இணைந்து நடத்துவது நடுநிலைக்கு வலுச்சேர்க்கும்.

சஃபோட்டுவில் இரு குழந்தைகளைப் பறித்தது ஒரு புட்டியைத் தவறாக எடுத்த கை. அடுத்த ஆண்டில் 83 உயிர்களை மாய்த்த கொள்ளைநோய்க்கு வழி திறந்தவற்றுள் ஒன்று, பெற்றோரின் வினாவுக்கு ஓராண்டுக் காலம் விடை கிட்டாமை. முதற் பிழையை முற்றிலும் ஒழித்தல் எந்த மருத்துவமனைக்கும் அரிது. இரண்டாவதைத் தவிர்த்தல் எந்தச் சிறிய மருத்துவமனைக்கும் இயலும். அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை.