கரகமா? தீவட்டியா? பூப்பல்லக்கா?
பெங்களூர்த் தமிழர் காணும் இரவு ஊர்வலங்கள்

சித்திரைப் பௌர்ணமி. நிலவு உச்சிக்கு வந்துவிட்டது. மணி பன்னிரண்டைத் தாண்டியும் பெங்களூர் நகர்த்தபேட்டையில் எள் போட்டால் எள் விழாது. மூடிய ஜவுளிக் கடைகளின் படிகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மொட்டை மாடிகளில் தலைகள். அப்பாவின் தோளிலேயே குழந்தைகள் தூங்கிவிட்டன.

"எப்போதய்யா வரும்?"

"இதோ வந்துவிடும்!"

இந்தப் பதிலையே ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று தர்மராயசுவாமி கோயில் பக்கமிருந்து "கோவிந்தா! கோவிந்தா!" என்ற முழக்கம் கிளம்புகிறது. உருவிய கத்திகளுடன் வீரகுமாரர்கள் ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே, கூம்பு வடிவத்தில் மல்லிகைக் கோபுரம் ஒன்று மிதந்து வருகிறது. அதைத் தலையில் தாங்கி வருகிறவர் ஆண். ஆனால் உடுத்தியிருப்பது புடவை. கையில் வளையல், கழுத்தில் தாலி. திரௌபதியே அவர் மீது இறங்கி வருவதாக நம்பிக்கை. கரகத்தைக் கையால் பிடிப்பதில்லை. கால் தடுமாறிக் கரகம் விழுந்தால் வீரகுமாரர்களின் கத்தி அவர் மீதே பாயும் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடந்து போய்விடும். ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஓசூர் சாலைத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீதி முழுக்கச் சீரியல் விளக்குகள். கோயிலுக்குத் தலை முதல் கால் வரை விளக்கு அலங்காரம். ஆனால் எல்லோரும் காத்திருந்து பார்த்த அந்தக் கரகத்தில் ஒரு பல்பு கூட இல்லை!

அமெரிக்காவில் ஐந்து லட்சம் பல்பு

இதற்கு நேர் எதிரான ஊர்வலம் ஒன்று அமெரிக்காவில் தொடங்கியது. கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் 1972 ஜூன் மாதம் 'மெயின் ஸ்டிரீட் எலெக்ட்ரிகல் பரேடு' என்ற பெயரில் மின்விளக்கு அணிவகுப்பு நடத்தினார்கள். சுமார் 5 லட்சம் சிறு பல்புகள். வண்டிகள், பொம்மைகள், ஆடுகிறவர்களின் உடைகள், எல்லாவற்றிலும் விளக்கு. பூங்காவின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, இருட்டில் இந்த வண்டிகளை மட்டும் விடுவார்கள். மின்னணுக் கருவியில் வாசித்த இசை வழி நெடுகக் கேட்கும். எந்த வண்டி எங்கே போகிறதோ அந்த இடத்தில் அதற்குரிய மெட்டு. 1985-ல் ஜப்பானின் தோக்கியோவுக்கும் இது போனது.

நல்ல வேலைப்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. பெங்களூரிலும் மைசூர் சாலையில் பிடதி அருகே 2005-ல் வொண்டர்லா வந்த பிறகு, ராட்டினத்துக்கும் லேசர் ஒளிக்கும் குழந்தைகள் அடம்பிடிக்கிறார்கள். ஆனால் பூங்கா ஊர்வலத்தை டிக்கெட் வாங்கியவர் பார்க்கலாம், வாங்காதவர் பார்க்க முடியாது. இன்று வரும் அதே வண்டி நாளையும் அதே நேரத்துக்கு வரும். அதற்காக யாரும் நேர்ந்துகொள்வதில்லை.

திகளர் யார்?

கரகம் எடுப்பவர்கள் திகளர் என்று அழைக்கப்படும் வன்னிகுல சத்திரியர்கள். தோட்டத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். லால்பாக் தோட்டத்தை உருவாக்கிய ஹைதர் அலி காலத்தில் இவர்களில் பலர் தமிழ்ச் சீமையிலிருந்து வந்ததாகச் சொல்வதுண்டு. பழைய கன்னடத்தில் தமிழரையே 'திகளர்' என்று குறிப்பிடும் வழக்கமும் இருந்தது. வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், நடுவில் கொஞ்சம் தெலுங்கு என்று பேசும் குடும்பங்களை இன்றும் பேட்டைகளில் காணலாம்.

செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு இதில் புதிதாக விளக்க எதுவும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து, தீமிதி என்று ஊரில் பார்த்து வளர்ந்தவர். அதே அம்மன் இங்கே மாநகரத்தின் நடு வீதியில் வருகிறாள் என்றதும் அவருக்கு வேற்றூர் என்ற எண்ணம் ஓரிரவாவது மறந்துபோகிறது.

கரகம் ஓரிடத்தில் நிற்கும். காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்கா அது. அங்கே மரியாதை ஏற்றுக்கொண்டுதான் மேலே நடக்கும். 2022-ம் ஆண்டில் இந்த வழக்கம் வேண்டுமா என்று சிலர் கேள்வி கிளப்பினார்கள். கோயில் தரப்பு அசைந்து கொடுக்கவில்லை. அந்த ஆண்டும் கரகம் தர்காவுக்குப் போயிற்று. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் கொரோனா காரணமாகக் கரகம் கோயில் வளாகத்தோடு நின்றுவிட்டது. வீதிக்கு வராத அந்த இரண்டு பௌர்ணமிகளைப் பேட்டைக்காரர்கள் இப்போதும் குறையாகச் சொல்கிறார்கள்.

முதல் வெளிச்சம் யாருக்கு?

கரகம் கடந்து போகும் கே.ஆர். மார்க்கெட் வட்டாரத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. 1905 ஆகஸ்ட் 5-ம் தேதி பெங்களூரின் முதல் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது இந்தப் பகுதியில்தான்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? காவிரி விழும் சிவசமுத்திரத்திலிருந்து. பெங்களூருக்காகவோ, மைசூர் அரண்மனைக்காகவோ அந்த மின்நிலையம் கட்டப்படவில்லை. கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்காகக் கட்டப்பட்டது! திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் முனைந்து நின்ற திட்டம். அவர் 1901-ல் காலமானார். மறு ஆண்டு, 1902 ஜூன் 30-ம் தேதி, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அந்த நாளில் அது.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்கள் வெட்டிய தங்கத்துக்காக வந்த மின்சாரம், மூன்று ஆண்டு கழித்துப் பெங்களூர் வீதிக்கு வந்தது. மைசூர் நகரத்துக்குப் போனது அதற்கும் பிறகு, 1908-ல். தங்கவயல் சுரங்கம் 2001-ம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலேறி வேலைக்கு வருகிற சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தசரா விளக்கு பார்க்க மைசூர் போகும்போது, தாத்தாவின் கதையும் அந்தக் கம்பியில் ஓடுகிறது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா, தெரியாது.

மைசூரில் இருட்டுக்கு மரியாதை

மைசூர் அரண்மனையைச் சுமார் 97 ஆயிரம் பல்புகள் அலங்கரிக்கின்றன. பழைய மர அரண்மனை 1897-ல் தீக்கிரையாகி, ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி 1912-ல் எழுந்த கட்டடம் இது. சென்னை ஐகோர்ட்டு கட்டடத்திலும் இர்வினுக்குப் பங்கு உண்டு என்பதால் அரண்மனைக் குவிமாடங்களைப் பார்க்கும் சென்னைவாசிக்கு எங்கோ பார்த்த நினைவு வரலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் கொஞ்ச நேரம் விளக்கு போடுகிறார்கள். தசரா நெருக்கடி வேண்டாம் என்பவர் ஒரு ஞாயிறு போய்விட்டு இரவே பெங்களூர் திரும்பிவிடலாம்.

ஆனால் ஊர்வலம் என்றால் விஜயதசமிதான். பிற்பகலில் 750 கிலோ தங்க அம்பாரியில் சாமுண்டீசுவரியைச் சுமந்து யானை புறப்படும். அது போய்ச் சேரும் இடம் பன்னிமண்டபம். பெயரைக் கேட்டு நம்மவர்கள் சிரிப்பதுண்டு. 'பன்னி' என்றால் கன்னடத்தில் வன்னி மரம். பாண்டவர் ஆயுதங்களை ஒளித்து வைத்த அதே மரம். சித்திரையில் பெங்களூரில் திரௌபதி, ஐப்பசியை ஒட்டி மைசூரில் பாண்டவர் மரம். பாரதக் கதை இந்த மாநிலத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை வீதிக்கு வருகிறது.

அன்றிரவு பன்னிமண்டப மைதானத்தில் தீவட்டி அணிவகுப்பு. குதிரைப்படை வணக்கம், மோட்டார் சைக்கிள் சாகசம் எல்லாம் முடிந்த பிறகு மைதான விளக்குகளை அணைத்துவிடுவார்கள். கும்மிருட்டு. அதில் நூற்றுக்கணக்கான தீப்பந்தங்கள் மட்டும் நகர்ந்து வந்து எழுத்தாகவும் உருவமாகவும் கூடிக் கலையும். பந்தம் பிடிப்பவரின் முகம் தெரியாது. கை தெரியாது. நெருப்பு மட்டும் நடந்து போவது போல இருக்கும். 2024 தசராவில் அதே மைதானத்துக்கு மேலே ஆயிரத்துக்கு மேற்பட்ட டிரோன்களை ஒளியோடு பறக்கவிட்டார்கள். வானத்தில் உருவங்கள் அழகாகத்தான் வந்தன. ஆனாலும் தீப்பந்தத்தில் வரிசை லேசாகப் பிசகும்போது, யாரோ ஒரு மனிதர் அவசரமாக இரண்டு எட்டு வைத்துச் சரிசெய்வது தெரிகிறதே, அந்த ரசனை டிரோனில் இல்லை.

குறை ஒன்று உண்டு. மைதானத்தில் உட்கார அனுமதிச் சீட்டு வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் விடுமுறையும் எடுத்து, பஸ்ஸுக்கும் கொடுத்து, சீட்டும் தேடி அலைவது எளிதல்ல.

அல்சூரும் சிவாஜிநகரும்

செலவில்லாமல் பார்க்க வேண்டுமா? அல்சூர் இருக்கிறது. சோமேசுவரர் கோயில் திருவிழாவில் இரவுப் பூப்பல்லக்குகள் வரும்போது, அந்த வட்டாரத்தில் நிற்பவருக்குத் தஞ்சாவூரில் முத்துப்பல்லக்கு பார்க்கிற மாதிரி இருக்கும். மல்லிகையும் ரோஜாவும் சம்பங்கியும் அடுக்கி, பின்னால் வண்ண விளக்குப் பலகை வைத்து, நாதசுரம் முழங்க வருவார்கள். காதில் விழுவதில் பாதிக்கு மேல் தமிழ்.

சிவாஜிநகரில் செப்டம்பர் 8-ம் தேதி. புனித மரியன்னை பசிலிக்காவின் தேர்ப் பவனி. வேளாங்கண்ணி போல ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறி, பத்து நாள் விழா. காவி உடுத்தி நடந்து வரும் கூட்டத்தில் இந்து, முஸ்லிம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. நாகூர்க் கந்தூரியில் சந்தனக்கூடு வரும் இரவை அறிந்தவருக்கு இதுவும் பழகிய காட்சியே.

உயரம் கூடக் கூட...

விளக்கு அலங்காரம் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாத இரவு ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் 27-ம் தேதி அதிகாலை. தஞ்சாவூர் அருகே களிமேடு. அப்பர் சதய விழாத் தேர் வீதியில் வந்துகொண்டிருந்தது. தேரின் மேல்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டார்கள்.

தீவட்டி பிடித்த காலத்தில் சப்பரம் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தது. கியாஸ் லைட் வந்தது. அதைத் தலையில் சுமந்து பின்னாலேயே நடக்க ஆள் வந்தார்கள். பிறகு டியூப்லைட், சீரியல் செட், பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். விளக்குப் பலகை ஆண்டுக்கு ஓரடி வளர்கிறது. வீதியில் கம்பியும் கேபிளும் தாழ்ந்து தொங்குகின்றன. ஊர்வலம் போகும் வீதியில் மின்சாரத்தை நிறுத்துவதும், முன்னால் ஒருவர் நீண்ட மூங்கிலோடு கம்பியைப் பார்த்துக்கொண்டு போவதும் சடங்குக்காகச் செய்கிற வேலை அல்ல. மழை ஈரத்தில் வெறுங்காலுடன் ஜெனரேட்டர் வண்டி தள்ளுகிறவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்தவர். ஒயரில் தோல் உரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை. பூப்பல்லக்குக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள் பூவுக்கு எத்தனை, விளக்குக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். தள்ளுகிறவருக்கு ரப்பர் செருப்பு உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

ஓர் இரவுதான் லீவு என்றால்?

மதிப்பெண் போடச் சொன்னால் கரகத்துக்குத்தான் முதலிடம். இரண்டாவது மைசூர்த் தீவட்டி. கலிபோர்னியாவுக்கு வாய்ப்புக் கிடைத்தவர் போய் ஐந்து லட்சம் பல்பின் கதையையும் கேட்டு வரட்டும்.

கரகத்துக்குப் போகிறவர்கள் சாயந்திரமே ஒரு சிறு தூக்கம் போட்டுவிட வேண்டும். மெட்ரோ ரயில் நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும். கரகம் கிளம்புவது அதற்கு மேல்தான். குழந்தையோடு போகிறவர்கள் கோயில் வாசலில் முண்டியடிப்பதைவிட, கரகம் போகும் பேட்டை வீதி ஒன்றில் கல்படி பார்த்து உட்கார்வது நல்லது. கத்தியோடு ஓடி வருகிறவர்களுக்கு வழி விட்டு நிற்க வேண்டும். சட்டைப் பையில் செல்போன் பத்திரம்.

விடியும் நேரத்தில் கரகம் கோயில் திரும்புகிறது. சீரியல் விளக்குகளை ஏணி போட்டுக் கழற்றத் தொடங்குகிறார்கள். அவென்யூ ரோட்டில் மல்லிகை மிதிபட்டுக் கிடக்கிறது. துடைப்பத்தோடு மாநகராட்சிப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி மிதிபடாத சரம் ஒன்றை எடுத்து, கண்ணில் ஒற்றி, கொண்டையில் செருகிக்கொண்டு பெருக்க ஆரம்பிக்கிறாள். மார்க்கெட் பஸ் நிலையத்தில் முதல் ஷிப்டுக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது.