பெயர் மாறிக் கிடந்த வௌவால்

வௌவால்களை இனம் பிரித்து அறிவது எளிதன்று. உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பறவையை இறகின் நிறத்தைக் கொண்டும் குரலைக் கொண்டும் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். வௌவாலோ இருளில் பறப்பது; பெரும்பாலும் பழுப்பு அல்லது கறுப்பு நிறம் கொண்டது. ஆகவே விலங்கியலார் அதன் வாயைத் திறந்து பற்களை எண்ணிப் பார்க்கிறார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், நம் தமிழ்நாட்டு மலைக்குகை வௌவால் ஒன்று உலகுக்குத் தெரிய வந்ததில் இந்தப் பல் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று தேனி மாவட்டத்தில் உள்ள மேகமலை, 1948-இல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத் துரை இருந்தார். இயற்கையில் ஆர்வம் மிக்கவர். அவ்வாண்டு அவர் சேகரித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. அதற்குக் கட்டிய சீட்டில் 'குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்' என்று இனம் குறிக்கப்பட்டது. நம் ஊர்த் தோட்டங்களில் வாழைப்பூவையும் கொய்யாவையும் தேடி வருகிறதே, அந்தச் சாதாரண வௌவால்தான் இது. உருவமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

பின்னர் தாய்லாந்து நாட்டு விலங்கியலார் கிட்டி தோங்லோங்யா இந்த மாதிரியை எடுத்து ஆராய்ந்தார். குறுமூக்குப் பழந்தின்னிக்குச் சிறியதாயினும் வெளியே தெரியும் வால் ஒன்று உண்டு. இதற்கு வாலே இல்லை. அடுத்து வாயைப் பார்த்தார். முன்னதற்கு மேல்தாடையில் இரண்டு இணை, கீழ்த்தாடையில் இரண்டு இணை வெட்டுப்பற்கள் இருக்கும். இதற்கோ மேலே ஓர் இணை, கீழே ஓர் இணை மட்டுமே. மொத்தத்தில் அதற்கு 30 பற்கள், இதற்கு 26.

நான்கு பல்லில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். உடலின் நிறம் வயதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். உடல் பருமனும் அப்படியே. பல்லின் எண்ணிக்கையும் அமைப்பும் தலைமுறை தலைமுறையாக வருபவை. அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே கிட்டி இதைப் புதிய இனம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. இதற்கெனத் தனிப் பேரினமே வகுத்தார். 1972-இல் அவர் வைத்த பெயர் 'லாடிடென்ஸ் சலீமலியை'. முதற்சொல்லுக்கு 'அகன்ற பல்' என்று பொருள். அடுத்தது பறவையியல் அறிஞர் சலீம் அலியைச் சிறப்பிக்கும் வகையில் வந்தது. 24 ஆண்டுகள் வேறு பெயரில் கிடந்த உடலுக்குச் சொந்தப் பெயர் கிடைத்தது. அந்தப் பேரினத்தில் இன்றளவும் இந்த ஓர் இனம்தான் இருக்கிறது.

கிட்டியின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1973-இல் அவர் தம் சொந்த நாட்டில், காஞ்சனபுரிப் பகுதியின் சுண்ணாம்புக் குகைகளில் மிகச் சிறிய வௌவால் ஒன்றைக் கண்டார். எடை ஏறத்தாழ 2 கிராம், நீளம் 3 சென்டிமீட்டர். அதைப் பற்றி எழுதி வெளியிடுமுன்னரே, 1974 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவர் அனுப்பியிருந்த மாதிரிகளை ஆராய்ந்த ஆங்கிலேய விலங்கியலார் ஜான் எட்வர்ட்ஸ் ஹில், அவ்வாண்டே அந்த வௌவாலுக்குக் கிட்டியின் பெயரையே சூட்டினார்.

மேகமலை வௌவாலுக்கு வருவோம். பெயர் கிடைத்த பின்னும் ஆள் அகப்படவில்லை! 1993-இல்தான் ஆய்வுக்குழு ஒன்று அதே மலைத்தொடரில் இதை உயிருடன் மீண்டும் பிடித்தது. பிறகு பெரியாற்றுப் பகுதியிலும், தெற்கே களக்காடு, முண்டந்துறைக் காடுகளிலும் இது இருப்பது தெரிந்தது. காட்டு அத்தி, உருத்திராட்ச வகை மரங்கள் ஆகியவற்றின் பழங்களைத் தின்கிறது. விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவதும் இதன் வேலை.

இது பகலில் தங்குவது குகையில் என்பது கவனிக்கத் தக்கது. பழந்தின்னிகளில் பல மரத்தில் தொங்குபவை. பூச்சி தின்னும் வௌவால்கள் மிகை ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழியறிகின்றன. பழந்தின்னிகளோ கண்ணையும் மூக்கையும் நம்புபவை. குகையில் தங்கும் ரௌசெட் வௌவால் மட்டும் நாக்கால் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி எதிரொலி கேட்கிறது. அதற்கு வால் உண்டு என்பதால், ஒரே மலையில் இருந்தாலும் இவ்விரண்டையும் பிரித்தறியலாம். ஊர் ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னிக்கும் வால் கிடையாது. ஆனால் அது இதைவிடப் பன்மடங்கு பெரியது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வௌவாலுக்குப் பெயர் வைத்த 1972-ஆம் ஆண்டிலேதான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அச்சட்டம் பழந்தின்னி வௌவால்கள் அனைத்தையும் காக்கை, எலி ஆகியவற்றுடன் சேர்த்து, தொல்லை தரும் உயிர்கள் என்ற பட்டியலில் வைத்தது. எவரும் கொல்லலாம் என்ற நிலை அப்போது இருந்தது. தனி இனம் என்று நிறுவப்பட்டிருந்ததால்தான் பின்னாளில் இதை மட்டும் அப்பட்டியலிலிருந்து பிரித்து, புலிக்கும் யானைக்கும் உரிய முதல் பட்டியலில் சேர்க்க முடிந்தது. பழைய சீட்டே நிலைத்திருந்தால் இது சாதாரணத் தோட்டத்து வௌவால்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, இதன் இறைச்சி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையால் வேட்டையும் நடந்திருக்கிறது. அதற்கு மருத்துவச் சான்று ஏதும் இல்லை. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி போடும் விலங்கு இழப்பை விரைவில் ஈடு செய்துகொள்ள இயலாது. மேகமலைப் பக்கம் போகிறவர்கள் குகையில் தொங்கும் வௌவால்களுக்கு வால் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால் வாயிலில் நின்றே பார்க்கட்டும். விளக்கும் கூச்சலுமாக உள்ளே நுழைந்தால் அவை கலைந்து எழும்; தாயின் மார்பைப் பற்றியிருக்கும் குட்டி தவறிக் கீழே விழும்.