மீந்துபோன சிக்கன் இருக்கா? அன்னாசி, சீஸ் சேர்த்து 15 நிமிடத்தில் சூடான ஸ்டார்ட்டர்... கவனிக்க வேண்டியது என்ன?

திடீர்னு விருந்தாளி வந்துட்டாங்க, ஃப்ரிட்ஜில் நேற்று வேகவைத்த சிக்கன் மட்டும்தான் இருக்கு. கவலை வேண்டாம். கொஞ்சம் அன்னாசி, கொஞ்சம் சீஸ் இருந்தால் போதும். ஆனால், அந்த சிக்கனை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதை முதலில் பார்க்கணும்.

எந்த சிக்கனை பயன்படுத்தலாம்?

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாட்களைத் தாண்டாத சிக்கன் என்றால் பயன்படுத்தலாம். இரவு முழுக்க வெளியே இருந்தது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 'நல்லா சூடு பண்ணிட்டா சரியாகிடும்' என்பது தவறு. சூட்டில் பாக்டீரியா செத்தாலும், சில வகை பாக்டீரியா ஏற்கெனவே வெளியிட்ட நச்சு அழியாது.

என்னென்ன தேவை?

எலும்பு நீக்கி உதிர்த்த சிக்கன் 1 கப், பொடியாக நறுக்கிய அன்னாசி அரை கப், துருவிய மொசரெல்லா சீஸ் அரை கப், பிரெட் 4, பச்சை மிளகாய் 1, மிளகுத்தூள் அரை ஸ்பூன், வெண்ணெய், கொத்தமல்லித்தழை.

செய்வது எப்படி?

கடாயில் வெண்ணெய் விட்டு, நறுக்கிய மிளகாயுடன் அன்னாசியைச் சேர்த்து தண்ணீர் வற்றும் வரை வதக்குங்கள். பிறகு சிக்கன், மிளகுத்தூள் போட்டு ஆவி பறக்க சூடாக்குங்கள். தோசைக்கல்லில் பிரெட்டை ஒரு பக்கம் மட்டும் சுட்டு திருப்பிப் போட்டு, சுட்ட பக்கத்தின் மேல் கலவையைப் பரப்பி, சீஸ் தூவுங்கள். சிறு தீயில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் சீஸ் உருகிடும். கொத்தமல்லி தூவி, நான்காக வெட்டினால் 16 துண்டுகள் ரெடி. சீஸிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்துவிட்டு மட்டும் உப்பு சேருங்கள்.

அன்னாசியை ஏன் வதக்கணும்?

பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கு. இது புரதத்தை உடைக்கும். கறி சீக்கிரம் வேக பப்பாளிக்காய் துண்டு போடுவோமே, அதே கதைதான். வதக்காமல் சிக்கனோடு கலந்து வைத்தால் கறி கொழகொழன்னு ஆகிடும், சீஸ் கசக்கும். நன்றாக சூடுபடுத்தினால் இந்த நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது என்பதால் இந்தப் பிரச்னை இல்லை. ஆப்பிள் என்றால் அப்படியே சேர்க்கலாம்.

சீஸுக்கு பதில் பன்னீர் போடலாமா?

போடலாம், ஆனால் உருகாது. எலுமிச்சைச்சாறு போன்ற புளிப்பு சேர்த்து பாலைத் திரித்து எடுப்பதால், பன்னீர் எவ்வளவு சூட்டிலும் துண்டாகவே நிற்கும். சீஸ் ஸ்லைஸ் இருந்தால் அதையே போடலாம், நன்றாக உருகும்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்குக் கொடுக்கும்போது சிக்கன் நடுப்பகுதி வரை சூடாகியிருக்கான்னு பாருங்க. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் பாதுகாப்பு. ஒருமுறை சூடாக்கியதில் மீதி இருந்தால், மறுபடியும் ஃப்ரிட்ஜில் வைத்து சூடாக்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.